கடலூர், சிதம்பரம், புதுச்சேரி எம்.பி.க்களுக்கு: கையெழுத்தான ஒப்பந்தங்களின் கணக்கைக் கேளுங்கள்

கடலூர், சிதம்பரம், புதுச்சேரி தொகுதிகளின் மாண்புமிகு மக்களவை உறுப்பினர்களுக்கும் புதுச்சேரியின் மாண்புமிகு மாநிலங்களவை உறுப்பினருக்கும் வணக்கம்.

பாகிஸ்தானோடு பேசலாமா கூடாதா என்ற வாதத்தை உங்கள் முன் வைக்க இதை எழுதவில்லை. அதைத் தொலைக்காட்சிகள் தினமும் நடத்துகின்றன. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, பயங்கரவாதமும் பேச்சுவார்த்தையும் சேர்ந்து போகாது என்று அரசு சொல்வதன் பின்னால் உள்ள கோபம் எங்களுக்கும் உண்டு. நாங்கள் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். இரு நாடுகளும் எப்போதோ கையெழுத்துப் போட்ட சில ஏற்பாடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் எது ஓடுகிறது, எது நின்றுபோயிற்று, எதில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று நாடாளுமன்றத்தில் கேளுங்கள். இதற்கு உச்சி மாநாடு வேண்டாம், யாரும் யாரோடும் கைகுலுக்கவும் வேண்டாம்.

இந்த ஏற்பாடுகளில் ஒன்றை நாடே பார்த்தது. பஹல்காமுக்குப் பின் மூண்ட சண்டையின்போது, 2025 மே 10, சனிக்கிழமை பிற்பகல் 3.35-க்கு பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் தம் இந்திய இணையரைத் தொலைபேசியில் அழைத்தார். மாலை 5 மணியிலிருந்து தரையிலும் வானிலும் கடலிலும் தாக்குதலை நிறுத்துவதென்று முடிவாயிற்று. அன்றிரவே மீறல்கள் நடந்ததாக வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி சொன்னார். ஆனாலும் 12-ஆம் தேதி அதே இணைப்பில் மறுபடி பேசினார்கள். சண்டையை நிறுத்தியது வாஷிங்டன்தான் என்று அமெரிக்க அதிபர் சொல்கிறார், டெல்லி மறுக்கிறது. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது, அந்தத் தொலைபேசி அன்றைக்கென்று புதிதாகப் போட்டதல்ல என்பதை. 1971 போருக்குப் பின் வந்த இணைப்பு அது. சாதாரண நாட்களிலும் செவ்வாய்க்கிழமைதோறும் இரு அலுவலக அதிகாரிகளும் அதில் பேசுவது வழக்கம். 2021 பிப்ரவரி 24 நள்ளிரவிலிருந்து எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிச் சூட்டை நிறுத்தியதும் இந்த வழியாகத்தான். வாரந்தோறும் ஒன்றுமில்லாத விஷயத்தைப் பேசி வைத்ததால்தான் அவசர நாளில் பேச முடிந்தது.

இப்போது நம் கடற்கரைக்கு நன்றாகப் புரியும் ஒன்று: பிடிபடும் மீனவர்கள்.

காரைக்கால், நாகப்பட்டினம் விசைப்படகுகள் நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது தேவனாம்பட்டினத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பி வருவார்கள், படகு பெரும்பாலும் வராது. அரபிக்கடலில் போர்பந்தர், ஓகா, வேராவல், டையூ ஆட்களுக்கு நடப்பது இதைவிட நீளமானது. பாகிஸ்தான் கடல்சார் பாதுகாப்பு முகமை படகோடு பிடித்துக் கராச்சிக்கு இழுத்துப் போகிறது. வழக்கு, தண்டனை, மலிர் சிறை. தண்டனை பெரும்பாலும் மாதக் கணக்குத்தான். ஆனால் அது முடிந்த பிறகுதான் உண்மையான காத்திருப்பு தொடங்குகிறது.

2008 மே 21 அன்று கையெழுத்தான தூதரக அணுகல் ஒப்பந்தம் இதற்கெனவே எழுதப்பட்டது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் அளவுக்குத்தான் இருக்கும். ஒருவரைப் பிடித்தால் அடுத்த நாட்டுக்கு உடனே சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் தூதரக அதிகாரி அவரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். குடியுரிமை உறுதியாகி, தண்டனையும் முடிந்த ஒரு மாதத்துக்குள் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய இரு நாட்களில் கைதிகளின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். சிறப்பு நேர்வுகளில் மனிதாபிமான அடிப்படையில் சலுகை காட்டவும் இடம் வைத்திருக்கிறது.

இதில் பட்டியல் மட்டும் தவறாமல் நடக்கிறது. ஏவுகணைகள் பறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2025 ஜூலை 1 அன்று டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் பட்டியல்கள் கைமாறின. நம் சிறைகளில் உள்ள பாகிஸ்தானியர், அல்லது அப்படிக் கருதப்படுவோர் என 382 சாதாரணக் கைதிகளையும் 81 மீனவர்களையும் இந்தியா குறிப்பிட்டது. பாகிஸ்தான் 53 கைதிகளையும் 193 மீனவர்களையும் குறிப்பிட்டது. அன்றே வெளியுறவு அமைச்சகம் இன்னொரு எண்ணையும் சொன்னது: அங்கே தண்டனை முடிந்தும் வீடு திரும்பாமல் இருக்கும் இந்தியர் 159 பேர். 246 பேரில் 159! ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்ற விதி எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 26 பேருக்கு அப்போது வரை தூதரக அணுகலே கிடைத்திருக்கவில்லை. நம் பக்கமும் 80 பேர் பாகிஸ்தான் குடியுரிமையை உறுதி செய்யாததால் கிடந்தார்கள்.

ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறது? கண்ணி விதியிலேயே இருக்கிறது: ‘குடியுரிமை உறுதியாகி’ என்ற நிபந்தனைக்கு ஒப்பந்தத்தில் காலக்கெடு இல்லை. ஒரு பெயர் வந்தால் அது வெளியுறவு அமைச்சகத்திலிருந்து உள்துறைக்கும், அங்கிருந்து மாநிலத்துக்கும், மாவட்டக் காவல்துறைக்கும், கடைசியில் ஊர்க் காவல் நிலையத்துக்கும் போய், அதே படிகளில் ஏறித் திரும்ப வேண்டும். அங்கேயும் இதே கதைதான். மீனவர் என்றால் படகின் பதிவு எண், மீனவர் அடையாள அட்டை, உரிமையாளர் கொடுக்கும் ஆள் பட்டியல் என்று ஏதோ ஒன்று கைகொடுக்கும். மனநலம் குன்றி, ஊர்ப் பெயர்கூடச் சொல்லத் தெரியாமல் எல்லை தாண்டியவர்களுக்கு எந்தக் காகிதமும் இல்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் ‘கருதப்படுவோர்’ என்ற தலைப்பின் கீழேயே இருந்துவிடுகிறார்கள்.

இவர்களுக்காகத்தான் 2007-இல் இரு நாட்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்டு கைதிகளுக்கான கூட்டு நீதிக் குழு அமைத்தார்கள். பக்கத்துக்கு நான்கு பேர். இவர்கள் சிறைகளுக்கு நேரில் போவார்கள், கைதிகளோடு பேசுவார்கள், யாரை முதலில் விட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். இருந்தவற்றில் நன்றாக வேலை செய்த அமைப்பு இதுதான் என்பது எங்கள் கருத்து. 2013 அக்டோபருக்குப் பின் அது கூடவில்லை. 2018-இல் உயிர்ப்பிக்க இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன, இந்தியா தன் பங்கு உறுப்பினர்களை நியமிக்கவும் செய்தது. பிறகு பேச்சுமூச்சில்லை.

இன்னொரு சட்ட நுணுக்கத்தையும் நீங்கள் எழுப்பலாம். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995-இலும் பாகிஸ்தான் 1997-இலும் ஏற்றன. அதன் 73-ஆம் பிரிவின்படி, தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியதற்காகச் சிறைத்தண்டனை கூடாது, சம்பந்தப்பட்ட நாடுகள் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய. நியாயமான பிணை கட்டியதும் படகையும் ஆட்களையும் விட்டுவிட வேண்டும். 12 கடல் மைல் எல்லைக்குள் இந்தச் சலுகை கிடையாது. வெளிநாட்டுப் படகுகளின் மீன்பிடிப்பைப் பற்றிய நம் 1981 சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது: கரையோரக் கடலில் என்றால் சிறை உண்டு, அதற்கு வெளியே என்றால் அபராதம் மட்டும். பிறகு எப்படிச் சிறை? மீன்பிடிச் சட்டத்தோடு வெளிநாட்டவர் சட்டத்தையும் சேர்த்துப் போடும்போது மீனவர் ‘ஊடுருவியவர்’ ஆகிவிடுகிறார். இந்தக் கேள்வி பாகிஸ்தானை மட்டுமல்ல, அவர்கள் மீனவரை வைத்திருக்கும் நம்மையும் கேட்கும். கேட்கட்டும்.

படகுகள் விஷயம் இன்னும் மோசம். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படகுகள் அங்கே முடங்கிக் கிடக்கின்றன. மரப்படகை ஓட்டாமல் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று கடலூர் துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள். பலகை இடுக்கில் அடைத்த பஞ்சு உலர்ந்து தண்ணீர் இறங்கும், கடல் புழு துளைக்கும், என்ஜினில் உப்பேறும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் விறகு. 2015-இல் 57 படகுகளைப் பாகிஸ்தான் விடுவித்தது. அதாவது, படகைத் திருப்பித் தர வழியே இல்லை என்பது பொய். ஆட்களுக்கும் கடல் வழியே சரி. இதுவரை விடுதலையானவர்கள் கராச்சியிலிருந்து லாகூர் வரை ரயிலில் வந்து, வாகாவில் நடந்து கடந்து, அமிர்தசரஸிலிருந்து மறுபடி ரயிலேறிக் குஜராத் போனார்கள். கடலில் அடுத்த வீட்டுக்காரர்கள், தரையில் அரை நாட்டைச் சுற்றுகிறார்கள். வாகாவுக்கு நம் பக்கத்தில் உள்ள அட்டாரி சோதனைச் சாவடியை 2025 ஏப்ரலில் மூடிய பிறகு, இரு கடலோரக் காவல் படைகளும் கடலிலேயே ஆட்களையும் படகையும் ஒப்படைத்துக்கொள்வது பற்றி யோசிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. மூடிய அட்டாரியிலும் தேவைக்குக் கதவு திறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: ஏப்ரல் 23 அன்று தவறிப்போய் எல்லை கடந்து பிடிபட்ட நம் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் மே 14 அன்று அந்த வழியாகத்தான் திரும்பினார்.

மீனவர் ஏன் அந்தப் பக்கம் போகிறார் என்பதையும் பார்க்காமல் விட முடியாது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோடு ஒன்று இருக்கிறது. அது நியாயமான கோடா என்பது வேறு சண்டை. குஜராத் கடலில் ஒப்புக்கொண்ட கோடே இல்லை. காரணம், சர் கிரீக் என்ற சுமார் 96 கிலோமீட்டர் நீளச் சதுப்பு நீரோடை. 1914-இல் பம்பாய் அரசு போட்ட தீர்மானத்தின் வரைபடத்தில் கோடு கிழக்குக் கரையில் இருக்கிறது, ஆகவே ஓடை முழுக்க எங்களுடையது என்கிறது பாகிஸ்தான். கப்பல் போகும் ஓடையில் எல்லை நடுநீரில்தான் இருக்கும் என்று அதே தீர்மானத்தின் இன்னொரு பத்தி சொல்கிறது என்கிறது இந்தியா. கட்ச் பகுதிக்கான 1968 நடுவர் தீர்ப்பு இந்த ஓடையைத் தொடவில்லை. 2007-இல் இரு கடற்படைகளும் சேர்ந்து ஓடையை அளந்தார்கள். அளவில் தகராறு இல்லை, எந்தக் கரை என்பதில்தான். ஓடையின் வாயில் கோடு எங்கே தொடங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் கடலில் அது எப்படி நீளும் என்பது. ஒரு லட்சம் படகுகளுக்குக் கருவி பொருத்த 364 கோடி ரூபாயில் மத்திய அரசு திட்டம் போட்டிருக்கிறது, எல்லைக்கு அருகில் போனால் அது எச்சரிக்கும். நல்ல திட்டம். ஆனால் கருவிக்குள் நாம் ஏற்றி வைக்கும் கோடு நம்முடையது. துரத்தி வரும் கப்பலின் திரையில் இருக்கும் கோடு அவர்களுடையது.

இதற்குப் புதுச்சேரிக்காரர்கள் ஒரு முன்னுதாரணம் சொல்ல முடியும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான உரிமை மாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தராத நிலையிலேயே இந்தியா இங்கே ஆட்சி நடத்தியது. பாகிஸ்தான் பிரான்ஸ் இல்லை, சர் கிரீக் புதுச்சேரியும் இல்லை. ஆனாலும் உரிமைக் கோரிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு நடைமுறையை முதலில் ஓட்டலாம் என்பதற்கு நம் ஊரே ஆதாரம். ‘இரு தரப்பின் உரிமைக் கோரிக்கைக்கும் இது பாதகமாகாது’ என்று ஒரு வரி எழுதி, இத்தனை மைல் அகலத்துக்குள் மீன்பிடிப் படகு வந்தால் பிடிக்காமல் திருப்பி அனுப்புவது என்று இரு காவல் படைகளும் ஒப்புக்கொள்ள முடியும். அதற்கான வழித்தடம் ஏற்கெனவே உண்டு: இந்தியக் கடலோரக் காவல்படையும் பாகிஸ்தான் முகமையும் 2005-இல் போட்டு, 2016-இல் ஐந்தாண்டுக்கு நீட்டித்த புரிந்துணர்வு ஒப்பந்தம். பிடித்த படகுகள், எண்ணெய்க் கசிவு, புயல், மீட்புப் பணி பற்றி நேரடித் தொலைபேசியில் சொல்லிக்கொள்ள அது வகை செய்தது. அதன் இன்றைய நிலை என்ன என்பதே ஒரு நல்ல கேள்வி. தகவல் பேசினால் என்ன பலன் என்பதற்கு 2024 டிசம்பர் 4 சாட்சி: போர்பந்தரிலிருந்து ஈரானுக்குப் போன ‘அல் பிரான்பிர்’ என்ற சரக்குத் தோணி மூழ்கியது. மும்பை, கராச்சி மீட்பு மையங்கள் பேசிக்கொண்டு தேட, 12 பேரும் உயிரோடு கிடைத்தார்கள்.

கடலை விட்டுக் கரைக்கு வருவோம். 1988 டிசம்பர் 31 அன்று, ராஜீவ் காந்தியும் பெனசீர் புட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. 1991 ஜனவரி 27 முதல் நடைமுறை. 1992-இலிருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் தங்கள் அணு நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியல் கொடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் நடந்தது 34-ஆவது பரிமாற்றம். கார்கில் நடந்த 1999-க்கு அடுத்த ஜனவரியிலும் பட்டியல் போனது, மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த ஜனவரியிலும் போனது. பட்டியல் வெளியிடப்படுவதில்லை. ஆனால் மின் உலை, ஆராய்ச்சி உலை, எரிபொருள் ஆலை, மறுசுத்திகரிப்பு ஆலை எல்லாம் ஒப்பந்தத்தின் வரையறைக்குள் வருவதால், புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் கல்பாக்கத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2025 மே 7 அன்று கல்பாக்கத்தில் போர்க்கால ஒத்திகை நடந்தபோது, நம் பக்கத்தில் எத்தனையோ பேர் முதன்முறையாக அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒத்திகை வேண்டியதுதான். அதற்கு முன்னால் நிற்கும் தடுப்பு இந்த ஒப்பந்தம் என்பதையும் யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஓட்டை எங்கே என்றால், வானத்தில். 1991 ஏப்ரல் ஒப்பந்தப்படி போர் விமானங்கள் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது. எந்தெந்த விமானம் என்று அதில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்: சண்டை விமானம், குண்டுவீச்சு விமானம், வேவு விமானம், ஆயுத ஹெலிகாப்டர்... ட்ரோன் இல்லை, அந்தக் காலத்தில் யார் நினைத்தார்கள்? 2025 மே 8 இரவு 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக நம் ராணுவம் சொன்னது. 2005 அக்டோபர் ஒப்பந்தம் ஏவுகணைச் சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. அது மேலெழும்பி வளைந்து இறங்கும் பாலிஸ்டிக் வகைக்கு மட்டும், விமானம் போலத் தாழப் பறக்கும் குரூஸ் வகை அதில் இல்லை. 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் என்ற குரூஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னுவில் போய் விழுந்தது. யாரும் சாகவில்லை. தவறு என்று இந்தியா பொதுவில் சொன்னது 11-ஆம் தேதி. விமானப்படை அதிகாரிகள் மூவரைப் பணிநீக்கம் செய்தது ஆகஸ்டில். அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு நாடுகளுக்கு நடுவே இரண்டு நாள் மௌனம் ரொம்ப நீளம். 1999 பிப்ரவரி லாகூர் உடன்பாட்டோடு கையெழுத்தான குறிப்பில், கடலில் கப்பல்களும் விமானங்களும் உரசிக்கொள்ளாதிருக்க ஓர் ஒப்பந்தம் போடுவதாக எழுதினார்கள். அது இன்றுவரை வரவில்லை.

தண்ணீரைப் பற்றிக் கடைமடைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1960 சிந்து நதிநீர் உடன்படிக்கை ராவி, பியாஸ், சட்லஜ் மூன்றையும் இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் மூன்றையும் சில விதிவிலக்குகளோடு பாகிஸ்தானுக்கும் பிரித்தது. மாற்றுக் கால்வாய்களுக்காக இந்தியா 6.2 கோடி பவுண்டை ஆண்டுத் தவணையாகக் கொடுத்தது. 1965 போரின்போதுகூடத் தவணை நிற்கவில்லை. 2025 ஏப்ரல் 23 அன்று இந்தியா உடன்படிக்கையையே நிறுத்தி வைத்தது. நிறுத்தியது சரியா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, அதை இங்கே பேசப்போவதும் இல்லை. ஆனால் நிறுத்தினால் தண்ணீர் நின்றுவிடும் என்று பேசுவோர் செனாப்பின் அணைகளைப் பார்க்க வேண்டும். சலால், பக்லிஹார் இரண்டும் ஓடும் நீரில் மின்சாரம் எடுப்பவை. மேட்டூர் போலத் தேக்கி வைப்பவை அல்ல. அவற்றால் முடிவது, நீர் எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதைச் சற்றே மாற்றுவது. ஆகவே உடனடியாக நின்றுபோனதில் முக்கியமானது தகவல்: எந்த நிலையத்தில் எவ்வளவு நீர், எப்போது மதகு திறப்பு என்பவை.

தகவலின் விலை நமக்குத் தெரியும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி வரை தென்பெண்ணையில் இறங்கியது. கடலூரின் கரையோர ஊர்களும் பாகூர்ப் பகுதியும் மூழ்கின. எச்சரிக்கை எத்தனை மணி நேரம் முன்னால், எந்த வழியில், யார் காதுக்கு வந்தது என்பதுதான் அன்று உயிருக்கும் மாட்டுக்கும் கணக்கானது. ஒரே நாட்டுக்குள் நடந்ததே இது. 2025 ஆகஸ்டு வெள்ளத்தில், உடன்படிக்கைப்படி அமைந்த சிந்து ஆணையத்தின் வழி மூடியிருந்தபோதும், தாவி ஆற்றில் வெள்ளம் வரும் என்று தூதரகம் மூலமாக இந்தியா பாகிஸ்தானுக்குச் சொன்னது. சரியான செயல். ஆனால் தூதரகம் என்பது வெள்ளத்துக்கான வழி அல்ல. அமைச்சகத்திலிருந்து தூதரகம், அங்கிருந்து இஸ்லாமாபாத், பிறகு லாகூர், பிறகு மாவட்டம் என்று சுற்றும் நேரத்தில் ஆறு முந்திக்கொள்ளும். வெள்ளத் தகவலுக்கென்று 1989-இல் தொடங்கிய தனி ஏற்பாடு ஒன்று இருந்தது: ஜூலை முதல் அக்டோபர் பத்து வரை, அளவைத் தாண்டினால் நேரடியாகத் தொலைபேசியில். உடன்படிக்கை நிறுத்தத்தில் இருந்தாலும் அதை மட்டும் தனியே எடுத்து ஓட்ட முடியும். நிலையங்களின் பெயர், எச்சரிக்கை அளவு, சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நான்கு தகவல் போதும். நீரை விட்டுக்கொடுப்பதாக இதில் எதுவும் இல்லை.

‘பாகிஸ்தான்தான் எந்த ஒப்பந்தத்தையும் மதிப்பதில்லையே’ என்று உங்கள் கூட்டங்களில் யாராவது எழுந்து கேட்பார்கள். பஹல்காமுக்கு இரண்டு நாள் கழித்து, 1972 சிம்லா ஒப்பந்தம் உட்பட எல்லா இருதரப்பு ஒப்பந்தங்களையும் நிறுத்தி வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று இஸ்லாமாபாத் அறிவித்ததும் உண்மை. ஆனால் ஜூலையில் பட்டியல் கொடுத்தது. ஆள் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்திலும், தன் வீடு மூழ்கும் இடத்திலும் இரு அரசுகளும் கணக்குப் பார்த்துத்தான் நடக்கின்றன. நல்லெண்ணத்தை நம்பி நாங்கள் இதை எழுதவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. வாய்மொழிப் பதில் பெறும் நட்சத்திரக் கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 20-தான், குலுக்கலில் விழ வேண்டும். எழுத்துப் பதில் பெறும் கேள்விகளுக்கு 230 இடம் இருக்கிறது. இந்த விஷயத்துக்கு எழுத்துப் பதிலே மேல். எண்கள் அச்சில் இருக்கும், மழுப்ப முடியாது. 15 முழு நாட்கள் முன்னால் கொடுக்க வேண்டும், கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் திணித்தால் ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று ஒரே வரியில் தப்பித்துவிடுவார்கள். எனவே பிரித்துக்கொள்ளுங்கள். கடலூர் உறுப்பினர் மீனவர்களை எடுத்துக்கொள்ளலாம்: தண்டனை முடிந்தவர் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எவ்வளவு காலமாக, குடியுரிமை சரிபார்க்க எந்தத் தேதியில் மாநிலத்துக்குப் பெயர் அனுப்பப்பட்டது, எந்தத் தேதியில் திரும்பியது, நீதிக் குழுவைக் கூட்ட 2018-க்குப் பின் எத்தனை முறை எழுதப்பட்டது. எங்கள் பக்கத் தாமதம் எவ்வளவு என்பதும் அதில் வந்துவிடும். சிதம்பரத்துக்குக் கீழணையும் வீராணமும் இருப்பதால் வெள்ளத் தகவல் பொருத்தமாக இருக்கும். அதை ஜல் சக்தி அமைச்சகத்திடம் கேட்க வேண்டும், வெளியுறவிடம் கேட்டால் கை காட்டி விடுவார்கள். புதுச்சேரி உறுப்பினர்கள் ட்ரோன், குரூஸ் ஏவுகணை முன்னறிவிப்பையும் கடலோரக் காவல்படை ஒப்பந்தத்தின் நிலையையும் கேட்கலாம். பின்னது பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போக வேண்டியது. ரகசியம் என்று சொல்லி மறுக்க வாய்ப்பு உள்ள இடம் இது; அதனால் ‘எங்கே, எத்தனை’ என்று கேட்காமல் ‘ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளதா, எப்போது வரை’ என்று மட்டும் கேளுங்கள்.

‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் உறுதிமொழிக் குழு கேட்கும். அடுத்த கூட்டத்தொடரில் அந்தப் பதிலின் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கேள்வி கொடுங்கள். நீங்கள் வேறு வேறு கூட்டணியில் இருந்தாலும் இதில் குறுக்கே நிற்க எதுவும் இல்லை.

பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் பெயர்த்து, காரைக்கால் முதல் கடலூர் முதுநகர் வரை மீன்பிடித் துறைமுகங்களின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சில வாக்காளர்கள்